உங்கள் கல்லறை இருக்கும் காணி

கூடப்பிறக்காமல் எனக்கு அண்ணையாகிய என் சிவமண்ணைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம். பிரான்சில், லா சப்பலில் உங்கள் தம்பி கண்ணனின் பலசரக்குக் கடையில், சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் உங்கள் படமும் மாலையோடு தொங்குகிறது. காலையும் மாலையும் ஊதுபத்தி உண்டு. சாமான் வாங்க வந்தவர்கள் யாராவது அண்ணாந்து பார்த்தால், கண்ணன் குரலைத் தணித்துக்கொண்டு சொல்வார்: "எங்கட மூத்தவர். இந்தோனேசியாவிலை தனிய இருந்து செத்துப்போனார்."

தனிய. ஆஸ்பத்திரி வண்டி மலை ஏறி வரும்வரை உங்கள் தலையை மடியில் வைத்திருந்தது யார்? அந்த வீட்டில் ஏழு வருடம் உங்களோடு ஒரே பானையில் சாப்பிட்டது யார்? கண்ணன் அடித்த கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் கனடா, லண்டன், ஜெர்மனி என்று சொந்தங்களின் பெயர் இரண்டு பத்தி போகிறது. நீங்கள் ஒருநாளும் முகம் பார்த்திராத, கண்ணனின் சகலனுடைய மருமகன்கூட அதில் இருக்கிறார். உங்களோடு வாழ்ந்த இமாஸ் இல்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவுஸ்திரேலியாவுக்கென்று நாங்கள் ஏறிய படகு ஜாவாக் கரையைத் தாண்டவில்லை. தடுப்பு முகாமில் இருந்து வெளியே விட்டபோது, மலைச்சரிவில் ஒரு சின்னக் குடியிருப்பில் அறை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாற்பது வீடு இருக்கும். கோவா நட்ட மரக்கறித் தோட்டம், ஒரு பள்ளிவாசல், ஒரு காவல் கொட்டில். படகில் துணையில்லாமல் வந்த பெண் நான் ஒருத்திதான். அறைக்காரர் என்னைக் காட்டி உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் அப்போதுதான் படித்திருந்த ஒரு சொல்லைச் சொன்னீர்கள்: "அடிக்." தங்கை. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை.

அங்கே பொலிஸ் நிலையம் கிடையாது. காவல் கொட்டிலில் குடைந்த மூங்கில் ஒன்று தொங்கும். களவு என்றால் ஒரு விதமாகத் தட்டுவார்கள், மண்சரிவு என்றால் வேறு விதமாக. யார் தட்டினாலும் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். இமாஸின் தகப்பன் விட்டுப்போன பலகை வீடு மண்சரிவில் போன மழைக்காலத்தில் நீங்களும் அப்படித்தான் ஓடினீர்கள். மண்ணைத் தோண்டி அவளின் தையல் மெஷினை வெளியே எடுத்தீர்கள். பிறகு அந்தக் காணியிலேயே, ஊர் ஆட்களோடு கல் சுமந்து, தாங்குசுவர் கட்டி, புதிதாக ஒரு வீட்டை எழுப்பினீர்கள். இமாஸோடு அதிலேயே இருந்தும்விட்டீர்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நாட்டில் ஒரு முழம் நிலமும் எழுத முடியாது. அது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இமாஸைக் காக்க அந்தச் சட்டம் மட்டும் போதும் என்று நீங்கள் நம்பவில்லை. ஊர்த்தலைவர் பாக் உஜாங் வீட்டுக்குப் போய் ஒரு தாள் எழுதுவித்தீர்கள். "காணி இமாஸின் தகப்பன் வழிக் காணி, நான் கட்டிய சுவரும் கூரையும் அவளுக்கே, என் பக்கத்தார் யாருக்கும் உரித்தில்லை." சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்பவர். மற்றது நான். நான் தமிழில் வைத்த கையெழுத்தைப் பாக் உஜாங் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எழுத்தா, கோலமா?" என்று சிரித்தார்.

பிறகு நீங்களே கண்ணனோடு கதைத்து, பிரான்சில் எனக்கு ஒரு கலியாணம் பேசி அனுப்பினீர்கள். உங்கள் சொல்லுக்காகக் கண்ணன் கடையில் வேலையும் தந்தார். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அதற்கு அந்த வேலை ஒப்பந்தமும் சம்பளத்துண்டுகளும் வேண்டும். கடவுச்சீட்டு கிடைத்ததும் உங்களிடம் வருவதாக இருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

நீங்கள் போய் மூன்றாம் மாதம், கறிவேப்பிலை கட்டிக்கொண்டிருந்த என்னைக் கண்ணன் பின்னறைக்குக் கூப்பிட்டார். ஜகார்த்தாவில் ஒரு தரகரைப் பிடித்திருந்தார்.

"அண்ணையின்ர வீடு நல்ல இடமாம், ஜெயந்தி. குளிர், மலை, காட்சி. லீவுக்கு வாற ஆக்களுக்கு விடுற மாதிரிக் கட்டலாமாம். அந்தப் பொம்பிளையை எழும்பச் சொல்லவேணும். உங்களுக்கு அவையின்ர பாசை தெரியும்தானே?"

"அது அவவின்ர தேப்பன்ர காணி எண்டு நினைக்கிறன்," என்றேன்.

நினைக்கிறேனாம். கையெழுத்து வைத்தவள் சொல்கிறாள்.

"நினைக்கிறதை விடுங்கோ. நான் சொல்லுறதைச் சொல்லுங்கோ," என்றார்.

கண்ணன் பக்கத்தில் நிற்க, இமாஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன் அண்ணை. ஒரு மாதத்தில் வீட்டை விடவேண்டும். விடாவிட்டால், அனுமதியில்லாமல் ஒரு வெளிநாட்டவனை வீட்டில் வைத்திருந்தாய் என்று பொலிஸுக்குப் போவார்கள். ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும் 'அப்படிச் சொல்கிறார்' என்று சேர்த்துக்கொண்டேன், கையில் படாமல் குப்பையைத் தூக்குகிற மாதிரி. இமாஸ் கடைசிவரை கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அடிக், அந்தத் தாளில் நீயும்தானே கையெழுத்து வைத்தாய்?"

"என்னவாம்?" என்றார் கண்ணன்.

"யோசிச்சுச் சொல்லுறாவாம்," என்றேன்.

அன்று பின்னறைக் குழாயில் மூன்று தரம் வாய் கொப்பளித்தேன். வில்லியே லே பெல்லில் இருக்கிற வீட்டுக்கு ரயிலில் போகும்போதும் அந்தக் கசப்பு போகவில்லை. என் மீதே இவ்வளவு அருவருப்பு வரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன்.

ஆறு கிழமை கழித்து, ஒரு காலை. தரகர் காணியில் நின்று வீடியோவில் அழைத்தார். கண்ணன் போனை வெங்காய மூட்டையில் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேர் அளவுநாடா பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எல்லைக் கட்டை அடித்தான். இமாஸ் வாசற்படியில் கைகட்டி நின்றாள். மெலிந்திருந்தாள்.

அப்போது மூங்கில் சத்தம் கேட்டது. பட்டப்பகலில் களவுக்குத் தட்டுகிற தட்டு. தோட்டங்களில் இருந்து மண்வெட்டியோடு அப்படியே வந்தார்கள். ஒருவரும் ஒருவர் மீதும் கை வைக்கவில்லை. அளவுநாடா போன வழியில் வந்து நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். நடுவில் பாக் உஜாங் சாரத்தோடு நின்றார்.

தரகர் போனைக் காணியின் மேல்மூலைக்குத் திருப்பினார். உங்கள் கல்லறை. எரிக்க வழியில்லாமல் அங்கேதான் உங்களை வைத்தார்கள் என்று தெரியும். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். சுற்றிச் சீமெந்துக் கட்டு. தலைமாட்டுக் கல்லில் சுண்ணாம்பால் மூன்று கோடு, குறுக்கே அல்ல, நெடுக்கே. உங்கள் விபூதியை நினைவில் வைத்து இமாஸ் போட்டிருக்கிறாள்.

இது இருந்தால் விருந்தாளிகள் தங்கமாட்டார்கள் என்று தரகர் சொன்னார். அதைக் கண்ணனுக்குச் சொன்னேன்.

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அதைக் கிளப்பி வேறை எங்கையும் வைக்கேலாதோ எண்டு ஊராக்களிட்டைக் கேளுங்கோ."

"அது உங்கட அண்ணை," என்றேன்.

"தெரியும். உடம்புதானே. ஆத்துமா இஞ்சைதானே இருக்கு." கடையின் முன்பக்கம், உங்கள் படம் இருக்கிற திசையில் கையைக் காட்டினார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமோ துக்கமோ இல்லை. தக்காளிப் பெட்டியை எங்கே இறக்குவது என்று சொல்கிற முகம்தான்.

நான் அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. போனுக்குக் கிட்டப் போய், "பாக் உஜாங், நான் ஜெயந்தி. உங்களிடம் இருக்கிற தாளில் இரண்டாம் சாட்சி நான்தான். காணி இமாஸுடையது. வீடும் இமாஸுடையது. சிவத்தின் தம்பிக்கு இதில் ஒன்றும் இல்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்" என்றேன்.

"சத்தமாகச் சொல். எல்லோரும் கேட்கட்டும்," என்றார் அவர்.

இன்னொரு தரம் சொன்னேன். இமாஸ் படியில் குந்திவிட்டாள். தரகர் என்னிடம், தாள் எதுவும் இல்லை என்றுதானே உங்கள் முதலாளி சொன்னார் என்று கேட்டார். நாடாவைச் சுருட்டச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

"என்ன சொன்னனீங்கள்?" என்றார் கண்ணன். சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அவர் போன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார்.

"இவ்வளவு நாளும் இதைத் தெரிஞ்சுகொண்டே என்ரை சோத்தைத் திண்டனீங்களோ?"

அவர் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

"நாளையிலயிருந்து வரவேண்டாம்," என்றார்.

இப்போது பியர்ஃபித்தில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன், சில மணித்தியாலம்தான். குடியுரிமை விண்ணப்பம் இதோடு நிற்குமோ தெரியாது. லா சப்பல் பக்கம் போனால் தெரிந்த பெண்கள் சேலைக் கடைக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்புகிறார்கள். "ஆரோ ஒரு இந்தோனேசியாக்காரிக்காகச் சொந்தத்தைப் பிரிச்சவள்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சொந்தமாம். உங்கள் எலும்பைக் கிளப்பச் சொன்னவர் சொந்தம்; கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசுகிறவள் ஆரோ ஒருத்தி. இப்படிப்பட்ட வாய்களுக்கு நான் என்ன சொல்ல? என் கணவர் மட்டும், "முதல் நாளே சொல்லியிருக்கலாம், ஜெயந்தி," என்றார். அதுதான் இன்னும் கூடச் சுட்டது.

இமாஸ் ஒரு மாதம் என் அழைப்பை எடுக்கவில்லை. வேறு தரகர் வரலாம், எழுத்தில் சாட்சி வேண்டும் என்று பாக் உஜாங்தான் செய்தி அனுப்பினார். அவர்களின் மொழியில் எழுதி, இங்கே நகரசபையில் கையெழுத்தை உறுதிப்படுத்தி, பதிவுத் தபாலில் போட்டேன். முந்தநாள் இமாஸின் குரல் வந்தது. "வந்து சேர்ந்தது." அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

அண்ணை, கடவுச்சீட்டு என்றைக்குக் கிடைக்குமோ, கிடைக்காமலே போகுமோ. கிடைத்தால் முதலில் அந்த மலைக்குத்தான் ஏறுவேன். இமாஸ் கதவைத் திறக்காவிட்டால் படியில் இருப்பேன். அதுவரைக்கும், உங்கள் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு யார் அந்தக் காணிப் பக்கம் போனாலும், ஒருவர் வந்து கேட்கும்வரை நான் பேசாமல் இருக்கமாட்டேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு. அவளுக்குத் தரவேண்டியதை நேரில் தருகிறேன்.

உங்கள் தங்கை,
இமாஸின் மச்சாள்,
ஜெயந்தி