மெத்தையோடு கடத்தப்பட்டவள்

ஜனவரி 9
எங்கள் மலையூர் பால்பெக்கில் பனி. புது வழக்கு. தன் மகள் ஹனாதியை நிஸார் என்ற டிராக்டர் மெக்கானிக் பலவந்தமாகக் கடத்தினான் என்று அபூ தாலிப் என்பவர் புகார் கொடுத்திருக்கிறார். பையன் சிறையில். பெண் விரும்பித்தான் வந்தாள், நீங்கள்தான் அவனுக்காக வாதாட வேண்டும் என்று அவன் அம்மா அழுகிறாள். எல்லாக் கடத்தல்காரனுக்கும் அப்படிச் சொல்ல ஓர் அம்மா உண்டு. பெண்ணைத் தனியாகப் பார்க்காமல் வக்காலத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றேன்.

ஜனவரி 11
ஊர் வழக்கப்படி நிஸார் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. சமாதானம் ஆகும்வரை இருக்கட்டும் என்று உம் வஹீப் என்ற ஊர்க் கிழவியின் வீட்டுப் பெண்களிடம் ஒப்படைத்திருக்கிறான். எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன்.

"என் வீட்டுல என்னையே வெளிய போகச் சொல்றியா? நல்லாருக்குடி உன் சட்டம்!" என்றபடி உம் வஹீப் போனாள்.

ஹனாதிக்கு இருபது வயது. மிரட்டினானா என்று கேட்டேன்.

"அவனா? எங்க வீட்டு வான்கோழிக்கே பயப்படுவான், வக்கீலம்மா."

மூலையில் ஒரு புதுக் கம்பளி மெத்தை. அவள் அம்மா தைத்ததாம். இவ்வளவு கனத்தை வண்டியில் யார் ஏற்றியது?

கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "அதை மட்டும் கேக்காதீங்க."

கடத்தப்படுகிறவள் மெத்தையோடா போவாள்?

ஜனவரி 12
வக்காலத்தில் கையெழுத்திட்டேன்.

ஜனவரி 20
அபூ தாலிப் வந்தார், புகாரைத் திரும்பப் பெற. "கோபம் தீர்ந்துபோச்சு. பையனை விட்டுடச் சொல்லுங்க."

கடத்தல் அரசு வழக்கு, நீங்கள் மன்னித்தாலும் அது நிற்காது என்றேன். அவருடைய அண்ணன் மகன் வேறு, அவளை இழுத்துப்போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறான். ஹனாதி சொல்வதை, மிரட்டிச் சொல்லவைத்தது என்பார்கள். பையன் வருடக்கணக்கில் உள்ளே இருப்பான்.

"ஐயோ, ஊருக்காகத்தானே எழுதிக் குடுத்தேன்!"

மெத்தையைப் பற்றிக் கேட்டேன். தொப்பியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"அண்ணன் தன் பையனுக்குப் பொண்ணு கேட்டான். என்னை வளர்த்தவன் — மாட்டேன்னு எப்படிச் சொல்ல? அவளுக்கும் பிடிக்கல. ஓடிப்போயிட்டா நான் மறுத்ததா ஆகாதுல்ல? வெறுந்தரையில படுப்பாளேன்னு... நான்தான் தூக்கி வெச்சேன்."

இதை அப்படியே நீதிபதியிடம் சொல்லுங்கள் என்றேன். பொய்ப் புகாருக்கு அவர்மேலேயே வழக்கு வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

"அது வரட்டும். அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

போகும்போது எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய் ஒரு ஜாடி வைத்தார். "பையனுக்கு. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

கடத்தல்காரனுக்கு ஊறுகாய்! என் கோப்பெல்லாம் எண்ணெய்.

பிப்ரவரி 2
நாளை விசாரணை. அபூ தாலிப் வருவாரா? வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 3
வந்தார். அண்ணன் முன்வரிசையில்.

"மெத்தையை நான்தான் வண்டியில ஏத்தினேன், ஐயா."

"எந்த மெத்தை?" என்றார் நீதிபதி. எல்லோரும் சிரித்தார்கள். அபூ தாலிப் சிரிக்கவில்லை. நீதிபதியைப் பார்க்கவும் இல்லை. அண்ணனையே பார்த்து முழுதும் சொன்னார். முடிப்பதற்குள் அண்ணன் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 10
நிஸார் விடுதலை. அபூ தாலிபுக்கு அபராதம்.

ஏப்ரல் 20
கல்யாணம். போகவேண்டாம் என்றிருந்தேன், போனேன். மெத்தை கனம், வீட்டுக்குத் தூக்கி வந்ததில் இடுப்பே போய்விட்டது என்று நிஸார் குறைப்பட்டுக்கொள்ள, ஹனாதி அவனைக் கிள்ளினாள்.

அபூ தாலிபுக்குப் பக்கத்து நாற்காலி காலி. உட்காரப் போனேன்.

"அது அண்ணனுக்கு, வக்கீலம்மா."

அதன் முன் ஒரு கோப்பை காபி ஊற்றி வைத்திருந்தது. ஆறியதும் அதைக் கொட்டிவிட்டு, சூடாக வேறு ஊற்றினார். நான் கிளம்பும்போதும் ஊற்றிக்கொண்டிருந்தார்.