மூடாத இடது கண்

அன்பு அத்தானுக்கு,

மேலே நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். அந்தப் பக்கம் வருகிறவர் யாராவது சொல்லட்டும்.

நீங்கள் போன மறுவருஷம் என் இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. எலுமிச்சை அளவு என்றார் டாக்டர். அவருக்குப் பழம் பார்த்துப் பழக்கமில்லை; மாதுளைக்குக் குறையாது. "முகத்து நரம்பு கட்டிக்குள்ளயே ஓடுது. எடுக்கும்போது அறுந்துடலாம்" என்று முன்பே சொன்னார். "என் நரம்பு தேர்வடம் மாதிரி. தைரியமா கத்தியை வைங்க" என்றேன்.

தேர்வடமும் அறுவதுண்டுதானே, அத்தான்? கட்டி போயிற்று, முகத்தின் இடது பாதி தொங்கிவிட்டது. காப்பி குடித்தால் சட்டைக்கும் பாதி கொடுக்கிறேன். இடது கண் மூடுவதே இல்லை. சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஒரு கண் திறந்தே தூங்குகிறேன் என்று தெரிந்ததும் ஏரலில் திருட்டே நின்றுவிட்டது.

போன மாதம் உங்கள் மகள் செல்வியைப் பெண் பார்க்க நாங்குநேரியிலிருந்து வந்தார்கள். என் கோணல் வாயால் சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதே என்று அடுக்களையில் ஒளிந்துகொண்டேன். செல்வி விட்டாளா?

"அப்பா இடத்துல நீங்கதான் மாமா உக்காரணும். வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா என்னையே உற்றுப் பார்த்தார். "அண்ணாச்சிக்குப் பக்கவாதமோ? வீட்டுல வேற யாருக்கும் இருக்கா வே?"

நான் துண்டால் வாயின் இடது பக்கத்தை மூடிக்கொண்டேன். தேர்வடம் என்று பீற்றிய அதே வாயை!

செல்விதான் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பக்கவாதம் இல்ல. கட்டி எடுக்கையில நரம்பு அறுந்துட்டு. அது பரம்பரையா வராது. எங்க மாமா வாய்தான் பரம்பரை. அது எனக்கும் உண்டு."

வீடே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, "ஏலே, இந்தப் புள்ளைய விட்டுராதலே" என்றார் மகனிடம். மறுநாளே எஸ்.டி.டி. பூத்திலிருந்து சம்மதம் வந்தது.

ஆவணியில் கல்யாணம். போட்டோவுக்கு வலது பக்கத்தை மட்டும் காட்டவா என்று கேட்டேன். செல்வி முறைத்த முறைப்பு அப்படியே உங்களுடையது. நேராகவே நிற்பேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். தாலி ஏறும் நேரத்தில் ஊரே கண் இமைக்கும். என் இடது கண் இமைக்காது. அது பார்ப்பதெல்லாம் உங்களுக்காக. அதில் நீர் வழிந்தால் நரம்புக் கோளாறு. வலது கண்ணிலும் வழிந்தால், அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அக்காவை உங்கள் கையில் பிடித்துக் கொடுத்த அன்றிலிருந்து என்றும் உங்கள் மச்சினன்,
சங்கரபாண்டி