முள் இறங்காத டயர்

செம்பியன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி வெண்மதி முந்தாநாள் முதல் உங்களோடு பேசுவதில்லை. ‘நான்’ என்று எழுதினால் பேசியதாகிவிடும் என்பதால், அவளைப் பற்றி அவளே இப்படி எழுதிவைக்கிறாள்.

மத்திக் குழம்பு சட்டியில் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள். கேஸ்காரர் வந்தால் காலி சிலிண்டர் கொல்லைப்பக்கம்.

இந்த மாதம் மூன்று தடவை சைக்கிள் பஞ்சராகி நடுரோட்டில் நின்றீர்கள். மூன்று தடவையும் அவள்தான் ஸ்கூட்டியில் வந்து ஏற்றிவந்தாள். “தடிமனா, முள்ளு இறங்காத டயரா பாத்து வாங்குங்க” என்று அவள் சொன்னதற்கு, “ரெண்டு டயருக்கும் சேத்து இருநூறு கிராம் கூடிடும், வேகம் போயிடும், உனக்கென்ன தெரியும்?” என்றீர்கள். அவளுக்குத் தெரியும். நேற்று நீங்கள் உட்கார்ந்த இடத்தில் தின்று தீர்த்த அல்வா கால் கிலோ.

அதனால், ரப்பருக்கு அடியில் முள்ளைத் தடுக்கும் பட்டை வைத்த டயராக இரண்டு வாங்கி, நீங்கள் டியூட்டிக்குப் போயிருந்தபோது மாட்டியாயிற்று. சைக்கிளைத் தேடாதீர்கள். அதில்தான் அவள் விழிதியூர் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகிறாள், காட்டுக்கருவை முள்ளை வெட்டிப் போட்டிருக்கும், நீங்கள் பஞ்சராகி நின்ற அதே வாய்க்கால் ரோட்டில்.

பி.கு: சீட்டை இறக்கியிருக்கிறாள். திட்டாதீர்கள்.

ஸ்கூட்டி சாவி ஆணியில் தொங்குகிறது. போனைக் கையிலேயே வைத்திருங்கள்.

இன்னொன்று. பஞ்சரானால் வெண்மதி போன் பண்ணிப் பேசுவாள். ஆகாவிட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிறையப் பேசுவாள்.