அறுத்து ஒட்டிய சங்கிலி

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். எங்கள் வீட்டு மேல்தளத்தில் ஒழுக்கு இன்னும் நிற்கவில்லை. கொத்தனார் வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் அவரைவிடப் பெரிய கொத்தனார் மாதிரி தினமும் அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது.

ஊருக்கு வந்துவிட்டு அங்கே திரும்பும் அத்தானின் நண்பரிடம் கடிதத்தோடு ஒரு சின்ன டப்பாவும் கொடுத்திருக்கிறேன். படித்து முடித்துவிட்டுத் திற.

அம்மாவின் சங்கிலியில் பாதி வேண்டும் என்று நீ கேட்டபோது, அம்மா போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. "எனக்கும் அவங்க அம்மாதானடி" என்றாய். படுக்கையில் கிடந்த காலத்திலும் அவள் உனக்கும் அம்மாதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். சரி, அனுப்புகிறேன் என்றேன்.

கடைவீதியில் நாம் வழக்கமாகப் போகும் நகைக்கடைக்குத்தான் எடுத்துப் போனேன். கடைக்காரர் சங்கிலியைத் தராசில் போட்டார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உருக்கிடலாம்மா, ரெண்டு பேருக்கும் சமமா புதுசா ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்க" என்றார். கையில் குறடு வேறு. அவர் கொக்கியைத் தொட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவின் கழுத்தை யாரோ நெரிக்கப் போனது போல இருந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

அறுக்கத்தான் வேண்டுமென்றால் நானே அறுப்பேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சனிக்கிழமைகளில் நகை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நூலக வாசலில் ஒட்டியிருந்தது. பெயரைக் கொடுத்தேன். வீட்டுக்காரர், "நகை வாங்கித் தான்னு கேக்காம நீயே செஞ்சுக்கப் போறியா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். அந்த மனிதருக்கு அவர் கவலை.

வகுப்பு டயர் கடைக்கு மேல் உள்ள ஒரு அறையில். கீழே காற்றடிக்கும் இரைச்சல், மேலே எங்கள் சுத்தியல் சத்தம். சொல்லித்தருகிற டீச்சர் முன்பு பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். தங்கப் பல் செய்து செய்து அலுத்துப்போய் நகைக்கு வந்தாராம். "பல்லு செஞ்சா யாரும் வாயைத் திறந்து காட்ட மாட்டாங்க" என்பார். சிரிக்காமல் சொல்வார்.

முதலில் செம்புத் தகடுதான் கொடுத்தார்கள். அறுக்கிற வாள் மயிரிழை போல இருக்கும். அழுத்தினால் பட்டென்று ஒடியும். ஒடித்துத் தள்ளினேன். "யார் மேல கோவம்?" என்று டீச்சர் கேட்டார். யார் மேலும் இல்லை என்றேன். "அப்ப அழுத்தாதீங்க. அது பாட்டுக்கு அறுக்கும்" என்றார். என் பக்கத்தில் ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர் உட்காருவார். எதையும் இரண்டு தடவை அளந்துவிட்டுத் தப்பாக அறுப்பவர். நான் செய்த முதல் செம்பு மோதிரம் விரலையெல்லாம் பச்சையாக்கிவிட்டது. கழற்ற முடியாமல் சோப்புப் போட்டு இழுத்தேன்.

ஒட்டுகிற வேலைதான் என்னைப் படுத்தி எடுத்தது. இரண்டு முனையையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, பற்றவைக்கும் பொடி வைத்து, குழாயால் தீயை ஊத வேண்டும். முனையில் துளி அழுக்கு இருந்தாலும் ஒட்டாது. ஒரு பக்கம் சூடாகி மறு பக்கம் சூடாகாவிட்டாலும் ஒட்டாது, சூடான பக்கமே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். நம் வீட்டில் நீயும் நானும் ஒருவருக்கொருவர் பொடி வைத்துப் பேசியே காலம் தள்ளினோம். நகையில் பொடி வைப்பது ஒட்டுவதற்கு என்பதே இந்த வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது.

சில மாதம் போனது. நீயும் போனில், "என்னடி ஆச்சு, சங்கிலி அங்கயே இருக்கட்டும்னு நினைச்சுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். போன சனிக்கிழமை எடுத்துப் போனேன். டீச்சர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். வளையங்கள் ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கின்றன, நெருப்புப் பட்டால் தாங்காது, பார்த்து அறுங்கள் என்றார். நடு வளையத்தைப் பார்த்து அறுத்தேன். வாள் ஒடியவில்லை. அது பாட்டுக்கு அறுத்தது.

இரண்டு துண்டும் மேசை மேல் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பக்கத்தைக்கூடச் சுற்றி வரவில்லை. "கைக்கு வேணா ஆகும்" என்று வங்கிக்காரர் ஆறுதல் சொன்னார்.

டீச்சர், "இதுல உங்க பாதி எதும்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ரெண்டுமே எங்க அக்காவோடதுங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை அக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்புறம் எதுக்கு அறுத்தீங்க?"

கையைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன்.

உனக்கு இப்போது சொல்கிறேன். கடைசி நாட்களில் அம்மா தினமும் கேட்டது, "பெரியவ வர்றாளா?" என்றுதான். டிக்கெட் போட்டுவிட்டாள், வந்துகொண்டே இருக்கிறாள் என்பேன். புரட்டிப் படுக்க வைக்கும்போதும் கேட்பாள், துணி மாற்றும்போதும் கேட்பாள். அவள் உடம்பைத் துடைத்தது நான், வாசலைப் பார்த்துக் கிடந்தது உனக்காக. அப்புறம் ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். என்னையே நீ என்று நினைத்துக்கொண்டாள். "வந்துட்டியா பெரியவளே" என்று முகத்தைத் தடவினாள். அப்படி என் முகத்தை அவள் தடவியதே இல்லை. நான் 'ம்' என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போதுதான் சங்கிலியைக் கழற்றச் சொல்லி என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இது உனக்குத்தான். சின்னவகிட்ட சொல்லாத, அவ பொழைச்சுக்குவா" என்றாள்.

பொழைச்சுக்குவா. அதுதான் எனக்குக் கிடைத்தது.

இதை உன்னிடம் மறைத்தேன். பாதியாவது என்னுடையது என்று பிடிவாதமாக இருந்தேன். அது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அதனால் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். ஆனால் துண்டு கையில் கிடந்தபோது தெரிந்துவிட்டது, அது என் கழுத்தில் ஏறாது. நீளம் போதாததால் அல்ல.

அம்மா மேல் இருக்கும் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? போனவளோடு சண்டை போட முடியாது. உன்னோடு போடலாம் என்றால் நீ அங்கே இருக்கிறாய், வரவும் மாட்டாய்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். டீச்சர் தானே ஒட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பக்கத்து வளையங்களை ஈரப் பஞ்சால் மூடி, முனைகளைச் சுத்தம் செய்து, சேர்த்துப் பிடித்து ஊதினேன். பொடி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஆனாலும் வளையம் சிவந்து, சட்டென்று பளபளத்து உருகி ஓடி, இரண்டு முனையும் ஒன்றானதை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் ஒரு தடவைகூட எனக்குச் சரியாக ஒட்டியதில்லை. டீச்சர் இழுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே இந்த இடத்துல அறாது" என்றார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

டப்பாவில் முழுச் சங்கிலியும் இருக்கிறது. நடுவில் ஒரு வளையத்தில் மட்டும் மேடு தட்டும். அரத்தால் தேய்த்தேன், முழுதும் போகவில்லை. உள்பக்கம் வருகிற மாதிரி போட்டுக்கொண்டால் கழுத்தில் லேசாகக் குத்தும், வெளியே தெரியாது. அங்கே கடையில் கொடுத்து வழவழப்பாக்கிக்கொள்வதும் உன் இஷ்டம்.

வகுப்பை நான் விடவில்லை. அடுத்து வெள்ளி. எனக்கென்று ஒரு சங்கிலி செய்துகொள்ளப் போகிறேன். வளையம் வளையமாக, மெதுவாக.

மழைக்கு முன் கொத்தனார் வந்தால் சரி. நீயும் அத்தானும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். சங்கிலியைப் பூட்டி வைக்காதே, போட்டுக்கொள். கொடுக்க நினைத்தவள் கொடுத்துவிட்டாள், நடுவில் நின்ற கை மட்டும்தான் என்னுடையது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் அக்கா. இதைப் படித்துவிட்டு மனசு இளகி, பாதியை உனக்கு அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் தங்கை