வீட்டை நோக்கி நடந்த கால்கள்

இன்று காலை ஆரணி பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடம் நீலகிரித் தைல வாசனை. சட்டென்று திரும்பினேன். வேறு யாரோ. நண்பா, நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வாசனைக்கு நான் திரும்பத்தான் செய்கிறேன்.

பனியில் விரல்களை இழந்த வலது காலுக்கு நீ அதைத்தான் தேய்ப்பாய். எல்லைச் சண்டையில் மலைமுகட்டுக் காவல் அரணில் இருந்தவன் நீ. தோட்டா தீர்ந்ததும் இறங்கிவிடும்படி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. அடிபட்டவன் ஒருவனை முதுகில் சுமந்து இறங்கினாய். அவன் பிழைத்தான், உன் விரல்கள் போயின. இதை என்னிடமே நீ அந்தப் புத்தகம் வந்த பிறகுதான் சொன்னாய்.

சண்டை நடந்தபோது அமைச்சராக இருந்தவர், பின்னாளில் அதன் வரலாற்றை எழுதினார். பேச்சுக்கும் எழுத்துக்கும் பேர்போனவர். உங்கள் அரணைப் பற்றி அதில் ஒரே வரி: 'சில கால்கள் சிகரத்தை நோக்கி நடந்தன, சில கால்கள் வீட்டை நோக்கி நடந்தன.' பத்திரிகைகள் அதைக் கட்டம் கட்டிப் போட்டன. நீ எந்த அரணில் இருந்தாய் என்பது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற உன்னைக் கூப்பிடுவது நின்றது. உன் மகளைப் பெண் பார்க்க சேத்துப்பட்டிலிருந்து வந்தவர்கள் அப்புறம் பதிலே சொல்லவில்லை.

நான் கொதித்தேன். நீ புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாய்: "அழகா எழுதிக்கிறாருடா. அதான் பேஜாரு. சுமாரா எழுதியிருந்தா ஜனங்க மறந்துட்டிருக்கும்."

கல்லூரியில் இலக்கணம் நடத்தியவன் நான். பழிவாங்குவதற்காகவே அந்தப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். வென்ற இடத்திலெல்லாம் 'முடிவெடுத்தேன்', 'அனுப்பினேன்'. தோற்ற இடத்திலெல்லாம் 'நேர்ந்துவிட்டது', 'கைவிடப்பட்டது'. கைவிட்டது யார் என்று எங்குமே இல்லை. உங்களை இறங்கச் சொன்ன உத்தரவும் இல்லை.

நீ இறந்த மறுவருடம், கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த பாராட்டுக் கூட்டத்துக்கு அவர் ஆரணிக்கே வந்தார். நூலின் நடையைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். முதலில் அந்த வரியைப் புகழ்ந்தேன். மண்டபம் கைதட்டியது. அவர் சிரித்தார். பிறகு உன் காலைப் பற்றிச் சொன்னேன், அந்த உத்தரவைப் பற்றியும் சொன்னேன். வீட்டை நோக்கி நடந்தது எந்தக் கால் என்று அவரிடமே கேட்டேன்.

அவர் மைக்கை வாங்கினார். "அது நடைக்காக எழுதினதுங்க. யாரையும் மனசுல வெச்சு எழுதல."

"நடைக்காகத்தான் ஒருத்தன் பேரைக் கெடுத்தீங்களா?" என்றேன்.

இப்போது யாரும் கைதட்டவில்லை. உன்னைக் கூப்பிடாமல் விட்ட தலைமையாசிரியர் முதல் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்கு இனித்தது.

கூட்டம் முடிந்ததும் அந்த முன்னாள் அமைச்சர் என்னிடம் வந்து கையை நீட்டினார். வயதான கை. நான் கொடுக்கவில்லை. எல்லோரும் பார்க்க, நீட்டிய கையை அவரே மடக்கிக்கொண்டார்.

பெரியவரை அவமானப்படுத்திவிட்டதாக என் மனைவி இன்னும் குறைப்படுகிறாள். நீ இருந்திருந்தால் அந்தக் கையைப் பிடித்திருப்பாய். "வுடுடா" என்று என்னையும் அடக்கியிருப்பாய். உன் சார்பில் மன்னிக்க நான் யார்? அந்தக் கோபம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை விடுவதாக இல்லை.