செங்கடலில் நான் கண்ட பிறை

என் ஆசை வாப்பா,

நீங்கள் அடங்கியிருக்கும் கபுறை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். உங்கள் இளைய மகள் கப்பலேறிப் போய்வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போனாலே வாந்தியெடுக்கும் அதே மகள்தான்!

உங்கள் மருமகன் இன்ஜினியராக இருக்கும் சரக்குக் கப்பலில் மனைவியையும் கூட்டிப்போக அனுமதித்தார்கள். கொழும்பிலிருந்து ஐரோப்பா வரை. பிள்ளைகளை உங்கள் மூத்த மகள், என் ராத்தா பார்த்துக்கொண்டார். சூறாவளி அடித்து ஒரு வருடமும் ஆகவில்லை. கடலென்றாலே ஊர் நடுங்கிய காலம். நீங்கள் இருந்திருந்தால் என்னை விட்டிருப்பீர்களா?

அரபிக்கடலில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் அறைக்குள் சுருண்டுவிட்டேன். உங்கள் மருமகன் கையைப் பிடித்து மேல்தட்டுக்குக் கூட்டிப்போனார். “கடலப் பாக்காமக் கிடந்தாத்தான் புள்ள தல சுத்தும். தூரத்தப் பாரு” என்றார். பார்த்தேன். இரண்டு நாளில் எழுந்து நடந்தேன், வாப்பா. ஆடும் தரையில் தேத்தண்ணி சிந்தாமல் நடக்கவும் பழகினேன்.

அதைவிடக் கஷ்டம் சும்மா இருப்பது. நோன்பு திறந்து நான் தின்ற பீங்கானை இன்னொருவர் கழுவுவதா? கூச்சத்தில் குசினிக்குள் நுழைந்தேன். மலையாளத்துச் சமையல்காரர் ஹம்ஸாக்கா அகப்பையைத் தரவேயில்லை. உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டிச் சிரித்தார். கலியாணம் முடித்த பிறகு, சூடாக முழுச் சாப்பாடும் இருந்து தின்றது அந்தக் கப்பலில்தான்.

செங்கடலுக்குள் போனபோது நோன்பு முடியும் தறுவாய். இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் கப்பலிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரும் மேல்தட்டில் கூடிவிட்டோம். நாளைக்குப் பெருநாளா, இன்னொரு நோன்பா? ஆண்கள் தூரக்கண்ணாடியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். மேற்கே புழுதி மங்கல். நான் பின்னால் நின்றேன். ஊரில் பிறை பார்ப்பது உங்கள் வேலையல்லவா? நீங்கள் சைக்கிளில் மாவடிப்பள்ளி வயல்வெளிக்குப் போய்வந்து “கண்டாச்சு” என்றால்தானே எங்களுக்குப் பெருநாள்!

சூரியன் இறங்கிய இடத்துக்குச் சற்று இடப்பக்கம், மயிரிழை போல ஒன்று. பிழையாகச் சொன்னால் ஒரு நோன்பு போய்விடுமே? கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

“இஞ்ச பாருங்க, அந்தா பிற!”

“எங்க புள்ள?” என்றார் உங்கள் மருமகன். “எனக்கு ஒண்டும் தெரியலியே.”

ஹம்ஸாக்கா தூரக்கண்ணாடியைத் திருப்பினார். மேகக் கீற்று என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“மேகமில்ல. பிறதான். நான் காணுறன்!”

நீட்டிய கையை நான் இறக்கவில்லை. மங்கல் கொஞ்சம் விலகியது. ஹம்ஸாக்கா தூரக்கண்ணாடியை எறியாத குறைதான். “அல்லாஹு அக்பர்!” என்று அவர் கத்த, எல்லாரும் தக்பீர் முழங்கினார்கள். என்ன சத்தமென்று விசாரித்த வெள்ளைக்காரக் கப்டன், விஷயம் தெரிந்ததும் கப்பலின் ஊதுகுழலை நீளமாக ஊதச் சொன்னார். என் சொல்லுக்கு ஒரு கப்பலே ஊதியது, வாப்பா!

ஊருக்கு வந்து சொன்னால் மாமி நம்பவில்லை. “பொம்புள கண்ட பிறையிலயா பெருநாள் எடுத்தீங்க?”

“ஓம் மாமி,” என்றார் ராத்தா. “உங்கட மகனும் அந்தப் பிறையிலதான் பெருநாள் எடுத்தாராம். அவரிட்டக் கேளுங்க.” மாமி மகனைப் பார்த்தார், அவர் தலையாட்டினார். மாமியே சிரித்துவிட்டார்.

நீங்களாக இருந்தால் என்ன கதைத்திருப்பீர்கள்? அன்றைக்குக் கையேந்தி ஓதிய துஆவோடு என் வாயில் உங்கள் பெயரும் சேர்ந்து வந்தது, கேட்டதா?

வாற பிறைக்கு உங்கள் பேத்திகள் இரண்டு பேரையும் வயல்வெளிக்குக் கூட்டிப்போவேன். ஆர் என்ன சொன்னாலும் போவேன். முதலில் காண்பது அவர்களாக இருக்கட்டும். நான் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
கடல் தாண்டி வந்த உங்கள் கடைக்குட்டி மகள்