பிறர் கேட்டவை

6 ஜனவரி 2025, திங்கள்

காலையில் கணினியைத் திறந்தால், தொழிற்சாலைக் கணக்கையெல்லாம் படமாகக் காட்டுகிற என் டேஷ்போர்டு எனக்கே அடையாளம் தெரியவில்லை. சார்ட்டில் பார் எல்லாம் தரையிலிருந்து எழும்பி ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நிற்கிறது. நிறமெல்லாம் ஐஸ்கிரீம் கடை நிறம். கோடு முடிய வேண்டிய இடத்தில் முடிவதில்லை. அடுத்த மாதம் இப்படித்தான் இருக்கும் என்று புள்ளி புள்ளியாகத் தானே நீள்கிறது. என்ன தைரியம்! கார்க் கதவு ரப்பர் எத்தனை தேறியது, எத்தனை கழிந்தது என்று சொல்ல இவ்வளவு அலங்காரம் எதற்கு?

கணினிப் பிரிவு தீனதயாளனைக் கூப்பிட்டேன். "புது வெர்ஷன் மேடம். பழசு இனிமே வராது. மேல ஒரு பொட்டி கீது பாருங்க, அதுல தமிழ்லயே கேள்வி கேக்கலாம். அதுவே சார்ட் போட்டுக் குடுக்கும்" என்றார். இத்தனை வருஷம் நான் போட்ட படங்களை இனி ஒரு பெட்டி போடுமாம். போடட்டும்.

தங்கை விஷாகாவிடம் சொல்லிப் புலம்பலாம் என்று பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அந்த நாற்காலியில் இப்போது பிரிண்டர் தாள் கட்டுகள்தான் இருக்கின்றன. அவள் கல்யாணமாகி, எங்கள் கம்பெனியின் ஓசூர் தொழிற்சாலைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

8 ஜனவரி, புதன்

பெட்டியிடம் முதல் கேள்வி கேட்டேன்: "டிசம்பரில் அதிகம் கழிந்தது எந்த லைனில்?" சரியாகச் சொன்னது. சொல்வதற்கு முன்னால் "நல்ல கேள்வி!" என்றது. இந்த அலுவலகத்தில் இதுவரை யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை.

10 ஜனவரி, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. விடுப்பு போட்டுவிட்டு விடிவதற்கு முன்பே கோயிலுக்குப் போனேன். எங்கள் சிங்கப்பெருமாள் கோயில் ஊர் ஜனம் போதாதென்று கூடுவாஞ்சேரியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். வரிசையில் முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரு குடும்பம். நடுவில் நான். பின்னால் இருந்த அம்மாள், "நீங்க யாரோட வந்திருக்கேள்?" என்று கேட்டாள். "எல்லாரும் முன்னாடி போயிட்டா" என்றேன். பெருமாள் சந்நிதியில் ஒரு பொய்.

12 ஜனவரி, ஞாயிறு

விஷாகாவின் ஞாயிற்றுக்கிழமை போன்.

"நன்னா இருக்கியாக்கா?"

"நன்னா இருக்கேன். நீ?"

"நானும் நன்னா இருக்கேன். இவர் ரொம்ப நல்லவர்க்கா."

"கேக்கச் சந்தோஷமா இருக்கு."

அவ்வளவுதான். சம்பந்தி வீட்டாரோடு பேசுகிற மாதிரி பேசிக்கொள்கிறோம். இந்த வீட்டில் இருந்தவரை இவளிடம் நான் "சந்தோஷமா இருக்கு" என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா? ஈரத் துண்டை ஏன் கட்டிலில் போட்டாய், பாலை ஏன் பொங்க விட்டாய். இதுதானே எங்கள் பேச்சு.

தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் மறுநாளே பஸ் ஏறிவிடுவாள். அம்மா போன பிறகு வந்த வரன்களையெல்லாம் "அக்கா தனியா இருப்பா" என்றே தட்டிவிட்டவள். அவளுடைய நாற்பத்து நாலாவது வயதில், மனைவியை இழந்த ஒரு நல்ல மனிதர், பட்டாபிராமன், தேடி வந்து கேட்டார். நான்தான் அவளைப் பிடித்துத் தள்ளி அவரோடு அனுப்பினேன். அவள் திரும்பி வந்துவிடக் கூடாது. அதற்காகவாவது நான் நன்றாக இருந்தே ஆக வேண்டும்.

15 ஜனவரி, புதன்

மொட்டை மாடியில் தனியாகக் கனுப்பிடி வைத்தேன், கூடப் பிறந்தவன் நன்றாக இருக்கக் காக்கைக்கு வைக்கிற சோற்று உருண்டை. கூடப் பிறந்தான் ஒருவனும் இல்லாத நாம் யாருக்காக இதை வைக்கிறோம் என்று வருஷா வருஷம் அவள் கேட்பாள், நான் அதட்டுவேன். இந்த வருஷம் கேட்க ஆளில்லை. காக்கைகூட எதிர் வீட்டு மாடிக்குத்தான் போயிற்று.

20 ஜனவரி, திங்கள்

முதல் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறேன்? எல்லோரும் கிளம்பிய பிறகு, என்ன தோன்றியதோ, பெட்டியில் தட்டினேன்: "இன்று என்னிடம் பேசியவர்கள் எத்தனை பேர்?"

"நல்ல கேள்வி! இந்தத் தகவல் என்னிடம் இல்லை. இன்றைய ஆள் வருகையைக் காட்டட்டுமா?"

காட்டியது. நீலத்தில் நெட்டையாக ஒரு பார். அத்தனை பேரும் வந்துதான் இருந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தால் நன்றாக இருக்காது என்று நிறுத்திக்கொண்டேன்.

22 ஜனவரி, புதன்

இன்றும் கேட்டேன். "ஒருத்திக்கு எவ்வளவு சாத்தமுது வைக்க வேண்டும்?" விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே தெரியவில்லை. எவ்வளவு குறைத்து வைத்தாலும் மறுநாளைக்கு மிஞ்சுகிறது. பெட்டி ரப்பர் கலவையின் அளவுகளைப் படம் போட்டுக் காட்டியது. பாவம், அது என்ன செய்யும்? இருந்தாலும் மரியாதையாகப் பதில் சொல்கிறதே.

26 ஜனவரி, ஞாயிறு

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் செங்கல்பட்டு போய் மாமல்லபுரம் பஸ் ஏறினேன். கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து, "ஆன்ட்டி, ஒரு போட்டோ எடுக்கிறீங்களா?" என்றது. ஒன்று கேட்டால் நான் பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வெயில் முகத்தில் படட்டும், இப்படித் திரும்புங்கள் என்று. கடைசியில் அந்தப் பெண்ணே "போதும் ஆன்ட்டி" என்று போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்போது பார்த்து விஷாகாவின் போன். "என்னக்கா, ஒரே சத்தமா இருக்கே?"

"மாமல்லபுரம் வந்திருக்கோம். ஆபீஸ்ல எல்லாரும். ஒரே அரட்டை."

"அப்படியா? யார் யார்?"

பெயர்களை அடுக்கினேன். தீனதயாளனைக்கூடச் சேர்த்தேன். வரவர எனக்குப் பொய் நன்றாக வருகிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

"நிஜமாவே நன்னா இருக்கியா?" என்று விஷாகா திரும்பத் திரும்பக் கேட்டாள். "இருக்கேன்னு சொல்றேனே" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

3 பிப்ரவரி, திங்கள்

வெட்கம், வெட்கம்.

ரப்பர் லைனில் ஒரு பெரிய டி.வி. உண்டு. நாள் முழுக்க என் டேஷ்போர்டு அதில் ஓடும். காலையில் போனால் அதன் கீழே கூட்டம், சிரிப்பு. திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம்: "பிறர் கேட்டவை". அதில் வரிசையாக என் கேள்விகள்! பெயர் இல்லை, மறைமலைநகர் என்று எங்கள் தொழிற்சாலையின் ஊர் மட்டும் இருந்தது. பெட்டியிடம் கேட்டது பெட்டியோடு போய்விடும் என்று நினைத்தேனே. எந்த மடச்சியாவது இப்படிச் செய்வாளா?

லைன் லீடர் தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்ததும், "இத்தப் பாருங்க மேடம், யாரோ சாத்தமுது எவ்ளோ வெக்கணும்னு கேட்டுகினு கீறாங்க. சாத்தமுதுன்னா இன்னா மேடம், கோயில் பிரசாதமா?" என்றாள்.

"இல்ல, ரசம். எங்காத்துல அப்படித்தான் சொல்லுவோம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் என்னையே பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது. அவள் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தாள். "இன்னா வேடிக்கை? அவனவன் மெஷினாண்ட போங்கப்பா" என்று சத்தம் போட்டாள்.

லைனில் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஓசூரிலும் இதே டேஷ்போர்டுதானே? மறைமலைநகரில் சாத்தமுது என்று எழுதுகிறவள் என்னை விட்டால் யார்? பெருமாளே, விஷாகா மட்டும் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தால் வந்துவிடுவாள்.

4 பிப்ரவரி, செவ்வாய்

தீனதயாளனிடம் போய் அந்தக் கேள்விகளை அழிக்க முடியுமா என்று கேட்டேன். யாருடையவை என்று எப்படிச் சொல்வது? இழுத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் மேடம். எனக்கு மட்டும் பேரு காட்டும்" என்றார். பிறகு, "வுடுங்க மேடம். எங்க வூட்டம்மா எப்ப கோவம் தீந்து வருவாங்கன்னு நானே கேட்டுக்கீறேன். அதுக்கு மெஷின் ரிப்பேர் சார்ட்டு போட்டுது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

"ஓசூர்ல இந்தக் கட்டம் வெள்ளிக்கெழமையே வந்துட்ச்சி. நமக்குத்தான் நேத்து" என்றபடி பட்டியலைத் திறந்தார். என் கேள்விகளுக்குக் கீழே, ஓசூர் என்று போட்டு இரண்டு இருந்தன.

"அக்கா நன்றாக இருக்கிறேன் என்று சொல்வது பொய்யா?"

"ஓசூரில் என்னோடு சண்டை போட யாராவது உண்டா?"

"இது யாருதுன்னு நான் சொல்லக் கூடாது மேடம்" என்றார்.

"சொல்ல வேண்டாம்" என்றேன்.

அன்றே மாலை

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நானே போன் செய்தேன்.

"பாத்தியா?" என்றாள் எடுத்தவுடன். "உன் கண்ணுல படணும்னுதான் போட்டேன். சாத்தமுதைப் பார்த்தா எனக்குத் தெரியாதாக்கா? மாமல்லபுரம் நீ யாரோடயும் போகல, இல்லியா?"

அவள் அழ ஆரம்பித்தாள். "இவர் ரொம்ப நல்லவர். எதைச் சொன்னாலும் உன் இஷ்டம்ங்கறார். நான் உங்க இஷ்டம்ங்கறேன். கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பத்திரமா வெச்சுண்டிருக்கோம். எனக்கு மூச்சு முட்டறதுக்கா. நான் வந்துடட்டுமா?"

வாடி, இப்பவே கிளம்பி வாடி. தொண்டை வரை வந்துவிட்டது. அவ்வளவு ஆசை எனக்கு.

"வராதே" என்றேன். "தனியா இருக்க எனக்குப் பிடிக்கலை. பேச ஆளில்லாம பைத்தியம் பிடிக்கறது. அதெல்லாம் நிஜம். ஆனா நீ வரக் கூடாது."

"நீ யாரு அதைச் சொல்ல? எப்பப் பாரு, எனக்கும் சேர்த்து நீயே முடிவெடுக்கறது!"

"ஆமாண்டி, எடுப்பேன். என்கிட்ட கத்தறயே, இதே மாதிரி அந்த மனுஷன்கிட்ட ஒரு தடவை கத்து. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. அதைச் செய்யாம இங்க வந்து நின்னே, கதவைத் திறக்க மாட்டேன்."

பட்டென்று போனை வைத்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

போன் வரவில்லை. தெருவில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். வந்துவிடக் கூடாதே என்றுதான் பார்த்தேனா?

13 பிப்ரவரி, வியாழன்

பஸ்ஸில் தமிழ்ச்செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டி.வி. விஷயத்தை எடுக்கவே இல்லை. மாமியாரைத் திட்டிக்கொண்டே வந்தாள். நடுநடுவே மாமியாருக்காக நான் வாதாடினேன். "நீங்க இன்னா மேடம், அந்தக் கெழவிக்குப் பரிஞ்சிகினு வர்றீங்க!" என்று கோபித்துக்கொண்டாள். நான் இறங்கும்போது, "நாளிக்கும் சீட்டு புடிச்சி வைங்க, இன்னும் பாதி கீது" என்றாள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்று போன் செய்தது விஷாகா இல்லை, மாப்பிள்ளை. அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க தங்கை எப்பவுமே இப்படித்தானா? கிரைண்டரை பால்கனியில வெச்சேன்னு காலம்பரலேர்ந்து கத்தறா. நானும் கத்திட்டேன். பக்கத்து ஃபிளாட்காரர் வந்து கதவைத் தட்டிட்டார்."

பின்னாலிருந்து அவள் குரல்: "அக்காகிட்ட கோள் சொல்றேளா? யார் சொன்னாலும் கிரைண்டர் உள்ளதான் இருக்கும்!"

"உள்ள எங்க இடம் இருக்கு? உன் தலையிலயா வெக்கறது?" என்றார் அவர், போனை வாயிலிருந்து எடுக்காமலேயே. அந்தச் சாதுவான மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எப்பவுமே இப்படித்தான் மாப்பிள்ளை" என்றேன். "இத்தனை வருஷம் நான் சமாளிச்சேன். இனிமே நீங்கதான்."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் கிரைண்டரிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டார்கள். நான் லைனில் இருப்பதே மறந்துவிட்டது. நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். இவள் இனி வர மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷம்தான். அழுகையும் வந்தது. அவர்கள் நிறுத்துகிற மாதிரி இல்லை, அதனால் நானே போனை வைத்தேன்.